முதல் வாய்

"முதல்ல நீங்க ஒண்ணு சாப்பிடுங்கம்மா. அப்புறம் நான் தொடுறேன்" என்று தட்டை அவள் பக்கம் தள்ளினார் மருத்துவமனை உணவுக்கூடத்தின் மேலாளர்.

தட்டில் வெங்காயத்தோடு வதக்கிய நத்தை. சமைத்தது அவள் கணவன். கொட்டகையில் வளர்ப்பதும் விற்பதும் அவள் பாடு. அடுப்பு அவன் பாடு.

இரண்டு விடுதிகள் ஏற்கெனவே கையை விரித்துவிட்டன. இவரும் வேண்டாம் என்றால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான்.

சாக்கடையோரம் பொறுக்கியதா என்றுதான் வந்ததும் கேட்டார். வெளியே திரியும் நத்தை விஷ மருந்தைத் தின்றிருக்கும், உடம்பில் புழு இருக்கும் என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள். இங்கேயே முட்டையிலிருந்து பொரித்து வளர்ந்தவை கீரையும் காய்த்தோலும் மட்டுமே தின்பவை. அவற்றையும் சில நாள் பட்டினி போட்டு, குடல் காலியான பிறகே நன்றாகக் கொதிக்க வைக்கிறார்கள். புரதம் இறைச்சிக்குக் குறைவில்லை, கொழுப்பு சொற்பம், இரும்புச்சத்தும் உண்டு. இறால் ஒத்துக்கொள்ளாத நோயாளிக்கு மட்டும் இதைக் கொடுக்க வேண்டாம் என்பதையும் அவளே சொன்னாள்.

"எல்லாம் சரி. வளர்க்கிறவங்களே வாயில வைக்காததை நான் எப்படி நோயாளிக்குப் போடுறது?"

கணவன் அவசரமாகத் தட்டுக்குக் கையை நீட்டினான்.

"நீங்க இருங்க சார். எதைப் போட்டாலும் உள்ள போகும்னு உங்க வயிறே சொல்லுது. அவங்க சாப்பிடட்டும்."

அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்று விழுங்கினாள். கேட்காமலே இன்னொன்றை எடுத்தாள்.

"அடேயப்பா, என்னமா ரசிக்கிறீங்க" என்று சிரித்தார் மேலாளர். அவள் மூன்றாவதை எடுத்தபோது அவரும் ஒன்றை எடுத்தார். பிறகு தட்டில் மிச்சமே இல்லை. வாராவாரம் அனுப்பச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கார் தெருமுனையில் திரும்பியதும் அவள் குழாயடிக்கு ஓடிக் குனிந்தாள். கணவன் பின்னாலேயே போய் முதுகைத் தடவினான்.

"பொறந்ததுலேருந்து முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாதவ நீ. நான்தான் கையை நீட்டினேன்ல?"

"அவர் கேட்டது என்னைத்தானே" என்று வாயைக் கழுவி நிமிர்ந்தாள். "அடுத்த தடவை உப்பைக் கொஞ்சம் குறைங்க."