மைக்கை எங்கே வைப்பது?

"மாமா, அது வாய்க்குள்ள மைக்கைத் திணிக்காதீங்க. அதுக்கென்ன தொண்டை வலியா?"

சாக்ஸபோனின் அகன்ற வாயிலிருந்து மச்சான் மைக்கைப் பிடுங்கினான். கண்ணாடிக் கடைக்காரர் கழுத்தில் பட்டையை மாட்டிக்கொண்டு, பல் பிடுங்க வந்தவர் போல நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"சத்தம் அங்கிருந்துதானேடா வருது?"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. அடிக்குரல் மட்டும்தான் அங்கிருந்து வரும். மத்ததெல்லாம் நீங்க விரலை எடுக்கிற ஓட்டை வழியா வருது. ரெண்டடி தள்ளி, உங்க விரலைப் பார்த்த மாதிரி வைக்கணும்."

மச்சான் விளம்பரங்களுக்கு ஒலிப்பதிவு செய்பவன். சோப்பு நுரைக்குக்கூட ஒரு சத்தம் கண்டுபிடித்துத் தருவான். மைக்கை நிறுத்திவிட்டு அலமாரியைத் திறந்து வைத்தான்.

"அதை எதுக்குத் திறக்கிற?"

"எதிரொலியை உங்க சட்டையெல்லாம் குடிச்சிடும்."

"குடிக்க வேண்டாம். மூடு. ரொம்பச் சுத்தமா இருந்தா ஸ்டுடியோ மாதிரி ஆயிடும். நான் இந்த ரூம்ல உட்கார்ந்து ஊதுற மாதிரியே இருக்கணும்."

"நீங்க இந்த ரூம்ல உட்கார்ந்துதான் ஊதப் போறீங்க."

"அதேதான்."

"யாருக்கு மாமா இது?"

"ஒரே ஒரு ஆள்தான் கேட்கப்போறது. ஆனா நம்பணும்."

மச்சான் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினான்.

சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தத்துக்கு நடுவே மனைவியின் குரல் கேட்டது. "பிரமாதம்!"

அவர் இன்னும் ஊதவே தொடங்கவில்லை. வாயில் வைக்கும் நாணல் பட்டையை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டிருந்தார்.

"பார்த்தியா உங்க அக்காவை?" அவர் சாக்ஸபோனைத் தடவினார். "நாற்பதாவது பிறந்தநாளுக்கு ஆசையா வாங்கிக் கொடுத்தா. ஒரு வருஷமா, தினமும் ஆறு மணிக்கு நான் கதவைச் சாத்திக்கிட்டு ஊதணும், அவ அங்கிருந்து கேட்கணும். ஒரு நாள் ஊதலைன்னாலும் மனசு ஒடிஞ்சு போயிடுவா. இந்த ரெக்கார்டிங் சொதப்பிச்சுன்னா அவ முகத்துல நான் முழிக்கவே முடியாதுடா."

"அக்கா பெரிய ரசிகைதான்," என்றான் மச்சான், மைக்கின் திருகை இறுக்கியபடி.

"தொண்டை காயுது. அவகிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு வரேன்."

மச்சான் ஒரே தாவில் கதவை மறித்தான். "அசையாதீங்க மாமா! மைக்குக்கு அளவு எடுத்தாச்சு. நீங்க எழுந்தா எல்லாம் போச்சு. நான் கொண்டு வரேன்."

தொழில் தெரிந்த பையன், என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரம் ஊதினார். முதலில் ஒரு வாத்து வந்தது. பிறகு காலில் முள் குத்திய வாத்து. கடைசியாகத் துறைமுகத்தை விட்டு ஒரு கப்பல் புறப்பட்டது. நடுவில் இருமினார், நோட்டைக் கீழே போட்டார், குழாயில் தேங்கிய எச்சிலை உதறினார்.

மச்சான் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினான். "தப்பையெல்லாம் வெட்டிடவா?"

"ஒண்ணையும் வெட்டாதே. தப்பில்லாம இருந்தா அது நான்னு யார் நம்புவா?"

"இருமல்?"

"இருக்கட்டும்."

"நடுவுல யாரையோ கெட்ட வார்த்தையில திட்டினீங்களே?"

"என்னைத்தான். அதுவும் இருக்கட்டும்."

மறுநாள் மாலை ஆறு மணிக்கு அவர் அறைக்கதவைச் சாத்தினார். நாற்காலியில் இரண்டு தலையணையை அடுக்கி, அதன்மேல் தன் நெஞ்சு உயரத்துக்கு ஸ்பீக்கரை வைத்தார். பொத்தானை அழுத்தியதும் நாற்காலி ஊதத் தொடங்கியது. அதே வாத்து. அவருக்கே தான் அங்கே உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

சாக்ஸபோனைக் கட்டிலில் கிடத்திப் போர்வையைப் போர்த்தினார். தெருமுனையில் கேரம் போர்டும் மூன்று நண்பர்களும் காத்திருந்தார்கள். ஒரு வருடமாக அவருடைய இடத்தில் யாரோ ஒரு பல் டாக்டர் உட்கார்ந்து காய்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். இன்றோடு அது முடிந்தது.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அறையை விட்டு நழுவி, கதவை ஓசைப்படாமல் மூடினார். வாசலுக்குப் போக வேண்டுமென்றால் சமையலறையைத் தாண்டியாக வேண்டும். உள்ளே காய் நறுக்கும் சத்தம். குழாயில் தண்ணீர் விழும் சத்தம்.

"பிரமாதம்!" என்றாள் மனைவி.

அவர் நின்றார். நாற்காலி ஊதுவதைக்கூட இப்படி ரசிக்கிறாளே! இப்படிப்பட்டவளையா ஏமாற்றுகிறோம்? அந்த முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டாவது போகலாம் என்று மெல்லத் தலையை நீட்டினார்.

சமையலறையில் யாருமே இல்லை. பின்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அவளுடைய செருப்பைக் காணோம். அடுப்பு மேடையில் ஒரு ஸ்பீக்கர் மட்டும் மும்முரமாகக் காய் நறுக்கிக்கொண்டிருந்தது.

நறுக்கி முடித்ததும், இத்தனை நாளும் ஊதுகிற மும்முரத்தில் அவர் காதில் விழாத மச்சானின் குரல் அதிலிருந்து வந்தது:

"அக்கா, எழுதி வச்சுப் படிக்கிற மாதிரி இருக்கு. கொஞ்சம் மனசாரச் சொல்லு, மாமா நம்ப வேண்டாமா?"