மெராந்தி மரத்தில் இன்னொரு கயிறு

ஆவணப்படத்துக்காக, மலேசியாவின் சபா மாநிலக் காட்டில் மிக உயரமான மெராந்தி மரத்தில் ஏறிக் கேமராவைப் பொருத்திக்கொண்டிருந்தேன். எண்பது மீட்டர் உயரத்தில், என் கயிற்றைத் தாங்கிய கிளை முறிந்தது. நான் விழவில்லை. இடுப்புப் பட்டையில் மாட்டியிருந்த இன்னொரு கயிறு என்னைப் பிடித்துக்கொண்டது. அதிலேயே இறங்கினேன்.

கீழே நின்ற என் உதவியாளன் கிம்பினைக் கட்டிக்கொண்டேன். "எனக்குத் தெரியாம ரெண்டாவது கயிறும் மாட்டிவிட்டிருக்கியே. என் பொண்ணுக்கு அப்பன் மிஞ்சினான்னா அது உன்னாலதான்டா."

"நாம கொண்டுவந்ததே ஒரு கயிறுதானே, லோஜுங்," என்றான் அவன்.

இருவரும் அண்ணாந்து பார்த்தோம். இலைகள்தான் தெரிந்தன.

"யாரா இருந்தா என்ன, நன்றி சொல்லு," என்றான் கிம்பின்.

தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு உரக்கச் சொன்னேன். இடுப்புப் பட்டையிலிருந்து கயிற்றை விடுவித்தேன். வேலை முடிந்த ஒருவர் நிதானமாகச் சுருட்டிக்கொள்வதுபோல, அது முழம் முழமாக மேலே போனது.