இரண்டாவது அடுப்பு

"நன்றி கெட்டவங்கள்!"

சண்முகராசா கத்தியது தொலைக்காட்சியைப் பார்த்து. லண்டன் நோர்பரியில் சொந்த வீடு வைத்திருக்கும் மனிதர். மாலைச் செய்திக்குத் தீர்ப்புச் சொல்லாமல் நாற்காலியை விட்டு எழும்ப மாட்டார்.

பிரான்சும் ஜேர்மனியும் இன்னும் இரண்டு நாடுகளும் கூடி, ஐரோப்பாவுக்கென்று தனி ராணுவத் தலைமையகம் கேட்டிருந்தன. 2003ஆம் ஆண்டு அது.

"இவ்வளவு காலமும் நேட்டோ காப்பாத்தினது. இப்ப இவைக்குத் தனியா வேணுமாம்! ஒரு வீட்டுக்குள்ள எதுக்கு ரெண்டு அடுப்பு?"

"நேட்டோவுக்கு எதிரா இல்லை அத்தான்," என்றான் வாமதேவன். அவருடைய மனைவி தவநாயகியின் தம்பி. பாரிசில் இருந்துவிட்டு, மனைவி லோஜினியோடு வந்து இந்த வீட்டு மாடியில் குடியிருப்பவன். "நேட்டோ வராத இடத்துக்கு நாங்கள் போகத்தான். தேவையெண்டாப் பிரிச்சு வேலை செய்யலாம், ஆனா பிரிஞ்சு போகேல்லை."

"நாங்களோ? பிரெஞ்சு பாஸ்போர்ட் கதைக்குது!"

அதற்குள் தவநாயகி சாப்பாட்டை வைத்தாள். ஐரோப்பாவை மறந்து இருவரும் தட்டைப் பார்த்தார்கள்.

'இனியும் உப்பைக் குறைக்காவிட்டால் ஸ்ட்ரோக்தான்' என்று டொக்டர் சொன்னதிலிருந்து இந்த வீட்டுக் கறியில் உப்பில்லை. பிரஷர் ஒருவருக்கு, பத்தியம் எல்லோருக்கும்.

சண்முகராசா நாலு வாய் கொறித்துவிட்டு எழும்பினார்.

"கொஞ்சம் நடந்திட்டு வாறன்."

அந்த நடை, உப்பும் எண்ணெயுமாய்ப் பொரித்து விற்கும் சிக்கன் கடையில்தான் முடியும். ஜாக்கெட்டில் வரும் வாசம் தவநாயகிக்குத் தெரியாததல்ல. பயத்தில் அவளுக்கு நித்திரையே வருவதில்லை.

அடுத்த சனிக்கிழமை வாமதேவன் ஒரு பெரிய பெட்டியோடு மாடிப்படி ஏறினான்.

"என்னடா அது?"

"கரண்ட் அடுப்பு அத்தான். மேல வைக்க."

சண்முகராசா துள்ளி எழுந்தார்.

"என்ர வீட்டில தனி அடுப்போ? லூயிஷாம் கோயிலில சனம் என்ன கதைக்கும்? மச்சானைப் பட்டினி போட்டவன் எண்டெல்லோ சொல்லும்! கூடப்பிறந்த அக்கா உப்பில்லாமத் திண்டிட்டுக் கிடக்கிறாள், துரைக்கு ருசி கேக்குதோ? பெட்டியோட நீயும் வெளியில போ!"

கொஞ்சம் கூடித்தான் போய்விட்டது. ஆனால் நியாயம் அவர் பக்கம்தானே?

வாமதேவனுக்கு முகம் கறுத்தது. தவநாயகி கண்ணைத் துடைத்தாள். தம்பிக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

"பிரிஞ்சு போகேல்லை அத்தான்," என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் மேலே போனான்.

அன்றிலிருந்து மாடியிலிருந்து மீன்குழம்பு வாசம் இறங்கத் தொடங்கியது. சண்முகராசாவின் ரோசம் சில நாள் தாக்குப்பிடித்தது. தவநாயகி ஷிப்டுக்குப் போன ஒரு பின்னேரம், அவர் மெல்லப் படியேறினார்.

அடுப்பைப் பரிசோதிக்கத்தான்.

லோஜினி ஒன்றும் கேட்காமல் புட்டும் குழம்பும் வைத்தாள்.

"இதெல்லோ கறி!" என்று விரலை நக்கினார். "உப்பு, புளி, உறைப்பு எல்லாம் அளவா இருக்கு பிள்ளை. அக்காவுக்குச் சொல்லிப் போடாத."

பிறகு தவநாயகியின் ஒவ்வொரு ஷிப்டுக்கும் பரிசோதனை நடந்தது. சிக்கன் கடைப் பக்கம் அவர் போவதே இல்லை. ஐரோப்பா விஷயத்திலும் தீர்ப்பு மாறிவிட்டது.

"பெரிய அடுப்பு சரிவராத நேரம் சின்னன் ஒண்டு இருந்தா என்ன பிழை? பிரெஞ்சுக்காரன் விசரனில்லை."

அடுத்த முறை டொக்டர் பிரஷர் பார்த்துவிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நன்றாக இறங்கியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் சண்முகராசா மச்சானைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"டொக்டருக்கு ஒரு மண்ணும் தெரியாது. மேல உப்போட வெட்டுறன், கீழ பிரஷர் இறங்குது!"

அவர் கண்ணயர்ந்த நேரம், ஷிப்டுக்குக் கிளம்பிய தவநாயகி மூடிய சட்டி ஒன்றை லோஜினியின் கையில் கொடுத்தாள்.

"இந்தா, கீழ வச்ச அதே உப்பில்லாக் குழம்புதான். ரெண்டு சொட்டுத் தேசிக்காய்ப் புளி விட்டு, வாசம் வரச் சூடாக்கி, ஒளிச்சு ஒளிச்சுக் குடு. அடுப்பு வாங்கச் சொன்னதும் நான்தான் எண்டு தெரிஞ்சா, மனுசன் திரும்பவும் சிக்கன் கடைக்கு ஓடிப்போடும்!"