இருபதாவது ஆள்

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்ததும் பெரிய டாக்டர் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார்.

“கெடச்சாச்சு! இருபதாவது ஆள் கெடச்சாச்சு!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாய்க்குள், மேலண்ணத்தில் வரும் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய். லட்சத்தில் ஒருவருக்கு வந்தாலே அதிகம். அதற்கு ஒரு புது மருந்து கேட்குமா என்று பார்க்க இருபது பேர் வேண்டும். ஒன்பது வருடத்தில் சேர்ந்தது பத்தொன்பது. இந்த மாதக் கடைசிக்குள் இன்னொருவர் சேராவிட்டால் ஆராய்ச்சியை இழுத்து மூடிவிடுவார்கள்.

அதற்காகக் கைதட்டுவதா? அந்தச் சதைத்துண்டுக்குச் சொந்தக்காரி ஒருத்தி இருப்பாளே, அவள் இதைக் கேட்டால் என்ன நினைப்பாள்?

இவருக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது. ஆராய்ச்சிக்கு வரும் துண்டில் பெயர் இருக்காது. ஒரு எண், வயது, ஆணா பெண்ணா, அவ்வளவுதான். பெயர்கள் எழுதிய நோட்டு என் அலமாரியில் பூட்டியிருக்கும். இத்தனை வருடத்தில் ஒருவர் பெயரைக்கூட இவர் கேட்டதில்லை. ‘மூணாம் நம்பர் போயிடுச்சா?’ என்பார், பஸ்ஸை விசாரிப்பது போல.

அழுதவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தது நான். எட்டுப் பக்கச் சம்மதப் படிவத்தை வரி வரியாகப் படித்துக் காட்டியது நான். மருந்து உங்களுக்குப் பயன்படாமல் போகலாம், பின்னால் வருபவர்களுக்காவது உதவும் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னது நான். இவர் கடைசிப் பக்கத்தில் ஒரு கிறுக்கல் கிறுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

இப்போது ஊரெல்லாம் போன் போட்டுப் பீற்றிக்கொண்டிருந்தார். நல்லா இருங்க, ரொம்ப நல்லா இருங்க என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நாப்பத்தாறு வயசு, லேடி. உடம்பு தாங்கும். ஏம்மா, மசமசன்னு நிக்காம இன்னைக்கே வரச்சொல்லிக் கையெழுத்து வாங்கு.”

எங்கள் ஆராய்ச்சியில் ஒரு விதி உண்டு. நோயாளி தானாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் செல்லாது. அனுமதி பெற்ற ஒருவர் எதிரில் உட்கார்ந்து, முழுப் படிவத்தையும் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். இங்கே அந்த அனுமதி இரண்டே பேருக்குத்தான் இருக்கிறது. அவருக்கும் எனக்கும்.

கதவைச் சாத்தினேன். அவருக்கு எதிரில் உட்கார்ந்து படிவத்தை நீட்டினேன். நோயாளி பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருந்தேன்.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் அதைப் பார்த்தார்.

“படிங்க சார்,” என்றேன். “எட்டுப் பக்கமும்.”