சைபரில் நின்ற முள்

"தம்பி, உங்கட கார் இந்தக் குளிருக்குத் தாக்குப் பிடிக்குமோ?"

பொனட்டுக்குள் தலையை விட்டிருந்த பேரின்பநாதனுக்கு ஈரல் விறைத்துவிட்டது. மூன்றாம் மாடி அல்போன்சம்மா! எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகச் சொல்லித்தான் கேட்க வருகிறார்.

லாசாலில் அந்தக் கட்டடத்தில் கார் வைத்திருக்கும் ஒரே தமிழன் என்ற பாவத்துக்கு அவர் ஓடாத ஓட்டமில்லை. கோயில், விமான நிலையம், ரொறன்ரோவில் கலியாணம், லாவாலில் பிறந்தநாள் கேக். இந்த வருஷம் மட்டும் பூமியை நாலு தரமாவது சுற்றியிருப்பார். சொந்த மனைவி சிவமலரோ பால் வாங்க நடந்து போகிறாள். இந்தக் கார் இருக்கும்வரை தனக்கு விடுதலையே இல்லை என்று அவர் ஸ்டியரிங்கில் தலைவைத்து அழுததும் உண்டு.

சற்றுமுன்தான் எஞ்சினுக்குள் ஐஸ் கட்டாமல் காக்கும் கூலன்ட் பாதி, சுத்தத் தண்ணீர் பாதி என்று கலந்து நிரப்பி, அது எந்தக் குளிரில் உறையும் என்று முள்ளால் காட்டும் குழாயால் உறிஞ்சிப் பார்த்திருந்தார். முள் மைனஸ் முப்பத்தேழில் ராசா மாதிரி நின்றது.

அதையா காட்டுவது? பொனட் மறைவில் குழாயைக் காலிசெய்து, மிச்சத் தண்ணீர் இருந்த கேனுக்குள் விட்டு உறிஞ்சினார்.

"நீங்களே பாருங்கோ அன்ரி! முள் சைபரில நிக்குது. உள்ளுக்க இருக்கிறது தனித் தண்ணி!"

"அதால என்ன?"

"என்னவோ? மைனஸ் இருபது வரட்டும். ஐஸ் கட்டி எஞ்சின் வெடிச்சு, துண்டு நயாகராவில போய் விழும்!"

"மாதாவே! கூலன்டை விட்டுச் சரிக்கட்ட ஏலாதோ?"

"விட விடக் குடிக்குது அன்ரி. பால்குடிப் பிள்ளைகூட இப்பிடிக் குடியாது. எனக்குச் சீவியமே வெறுத்துப் போச்சு."

சொல்லச் சொல்ல உண்மையிலேயே கண்ணீர் வந்துவிட்டது. ஓடிய ஓட்டமெல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"அப்ப ரொறன்ரோவுக்கு?"

"ரொறன்ரோவோ! முன்னால இருக்கிற டெப்பனர் கடை வாசலுக்கும் போகாது."

அல்போன்சம்மா சிலுவை போட்டார். பிரேதத்தைப் பார்ப்பதுபோல் காரை ஒருதரம் பார்த்தார். "நல்லகாலம், வந்து கேட்டன் தம்பி" என்று பெருமூச்சோடு உள்ளே போனார்.

பேரின்பநாதன் சீழ்க்கையடித்துக்கொண்டு பொனட்டை மூடும்போது சிவமலர் பாலுடன் வந்தாள்.

"இஞ்சருங்கோ, அல்போன்சம்மா வந்தவவோ?"

"வந்தா, போயிட்டா. இனி இந்தக் காரின்ர பக்கமே திரும்பமாட்டா!"

சிவமலரின் கையிலிருந்த பால் பை நழுவியது.

"ஐயோ, என்னத்தைச் சொல்லித் துலைச்சனீங்கள்? இந்தக் காரைத் தன்ர மகனுக்கு வாங்கட்டும், இனிச் சனமெல்லாம் அவனைக் கேக்கட்டும் எண்டு, மாசக்கணக்காக் கெஞ்சி இண்டைக்குத்தானே அவவைச் சம்மதிக்க வைச்சு அனுப்பினனான்!"