போருக்குப் போன குடும்பம்

குளத்துப் படித்துறையை மறித்துக்கொண்டு தினமும் ஒரு குதிரை நிற்கும். "எங்க தாத்தா சேனாதிபதியையே சுமந்தவரு. போருக்குப் போன குடும்பம்தான் முதல்ல குடிக்கணும்!"

ஒருநாள் தாகம் தாங்காமல் வெள்ளாடு வாயைத் திறந்தது. "எங்க தாத்தாவும் போனவருதாங்க."

குதிரைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "போய் என்னத்தைக் கிழிச்சாரு?"

"பட்டாளத்துக்கே சாப்பாடு போட்டாருங்க."

"ஓ, சமையல்காரரா?"

"இல்லீங்க, குழம்பு."

குதிரைக்குச் சிரிப்பு நின்றுபோனது. "அடப்பாவமே! ஜெயிச்ச சேதிகூடத் தெரியாமப் போய்ட்டாரே."

"அதை ஊருக்கே சொன்னது அவருதாங்க. முரசுல கட்டினது அவரு தோலைத்தானே! ஆமா, உங்க தாத்தா என்ன ஆனாருங்க?"

குதிரை நெளிந்தது.

"அவரு... பத்திரமா வீடு வந்து சேர்ந்துட்டாரு" என்று முனகிவிட்டு, வழியை விட்டு விலகி நின்றது.