சனிக்கிழமை ஊருக்குப் போகிறவர்கள்

“நீ இந்த வீட்டுக்கு யாரு, பாப்பா?”

கதவைத் திறந்த பூங்கோதைக்கு முதலில் கண்ணில் பட்டது அவர் கழுத்தில் தொங்கிய அரசாங்க அடையாள அட்டைதான். கேள்வி அதற்குப் பிறகுதான் காதில் ஏறியது.

“பெரியப்பா வீடு. லீவுக்கு வந்திருக்கோம்” என்றாள் ஒரே மூச்சில். டாக்ஸி ஓட்டக் கிளம்புமுன் அப்பா அருள்ராஜ் அடிக்கடி சொல்ல வைத்துப் பார்க்கும் பதில் அது.

அந்தக் குவார்ட்டர்ஸ் சிவஞானம் என்ற அரசு ஊழியர் பெயரில் இருந்தது. அவர் டெல்லியின் துவாரகா பகுதியில் சொந்த ஃப்ளாட்டில் இருந்துகொண்டு, இதை இவர்களுக்கு ரகசியமாக வாடகைக்கு விட்டிருந்தார். பிடிபட்டால் அன்றைக்கே தெருவில் நிற்க வேண்டியதுதான். ஆனால் பழைய காலனிகளை எல்லாம் இடித்து டவர் கட்டிக்கொண்டிருக்கும் டெல்லியில், டாக்ஸி டிரைவர் வருமானத்துக்கு ஜன்னல் வைத்த வீடு வேறெங்கும் கிடைக்காது.

‘இந்த வாரம் செக்கிங் வருது, ஜாக்கிரதை’ என்று காலையில்தான் கீழ் வீட்டு ப்ரீதா சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

பூங்கோதை சமையலறைக்கு ஓடினாள். “அம்மா, வந்துட்டாங்க! தமிழ்ல பேசறாரு.”

“தமிழாளையே அனுப்பியிருக்காங்க பாரு, நம்ம வாயைப் புடுங்க” என்று முணுமுணுத்தாள் பவுனு. “நான் பேசிக்கிறேன். நீ உளறித் தொலைக்காதே.”

வந்தவர் கூடத்துக்கு வந்துவிட்டிருந்தார். “என் பேரு தட்சிணாமூர்த்தி. சிவஞானம் சார்...”

“அவரு ஆபீஸ் போயிருக்காரு சார்” என்று பவுனு முந்திக்கொண்டாள். “எங்க மச்சாண்டார்தான். வீட்டுக்காரரோட கூடப்பொறந்த அண்ணன்.”

“அடடே, சொந்தமா? அவர் சொல்லவே இல்லையே!”

பூங்கோதை அம்மாவின் பக்கம் நகர்ந்தாள். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள்.

அவர் நிதானமாக வீட்டைச் சுற்றி வந்தார். ஜன்னலைத் திறந்து மூடினார். சமையலறைக் குழாயைத் திருகினார். “தண்ணி எப்பெப்போ வரும்மா?”

தினமும் விடியலில் எழுந்து டிரம் நிரப்புகிற பவுனு கையை விரித்தாள். “எங்களுக்கென்ன சார் தெரியும்? நாங்க வந்து போறவங்க.”

“லீவுக்கு வந்தவங்க இவ்வளவு ஊறுகாய் போட்டிருக்கீங்களே!”

“ஊறுகாய் இல்லேன்னா எங்க மச்சாண்டாருக்குச் சோறு எறங்காது சார். வந்ததுதான் வந்தோம், போட்டுக் குடுத்துட்டுப் போவோமேன்னு...”

அவர் சிரித்தார். பவுனுவும் சிரித்தாள். அவள் விரல்கள் முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தன.

“அப்போ எப்போ கிளம்பறீங்க?”

“சனிக்கிழமை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்.”

“டிக்கெட் கன்ஃபர்ம் ஆயிடுச்சா?”

“பக்கா சார். மூணு பேருக்கும் ஒரே பெட்டியில.”

“அப்புறம் மாத்திச் சொல்ல மாட்டீங்களே?”

“எதுக்கு சார் மாத்தறோம்? சொந்த ஊர்ல வீட்டை வெச்சுக்கிட்டு இந்த டெல்லிப் புழுக்கத்துல எவன் கெடப்பான்?”

தட்சிணாமூர்த்தியின் கண்கள் சட்டென்று கலங்கின. பவுனுவைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு போனை எடுத்து, “நீங்களும் கேளுங்கம்மா” என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், தட்சிணாமூர்த்தி பேசறேன். உங்க குவார்ட்டர்ஸ்லேர்ந்துதான். ‘இருக்கறவங்களை நானா எழுப்ப மாட்டேன், வாக்குக் குடுத்திருக்கேன், அவங்களா போறேன்னா வீடு உங்களுக்கு’ன்னு சொன்னீங்களே. அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க சார். சனிக்கிழமை ஊருக்குப் போறாங்களாம்! எனக்கு இன்னும் குவார்ட்டர்ஸ் அலாட் ஆகலை, கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு மச்சான் வீட்டு வராண்டாவுல கிடக்கோம் சார், இனிமே எங்களுக்கு விடிஞ்சிடும்.”

“அச்சா!” என்றது சிவஞானத்தின் குரல். “போறாங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க. போகட்டும், என் வாக்கு அதோட தீர்ந்துது. எதிர் பிளாக்குல இதே மாதிரி வீட்டுக்கு ரெண்டு பங்கு வாடகை வாங்கறான், நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நீங்க சொன்ன வாடகைக்கே பேசி முடிச்சுக்கலாம். ஞாயித்துக்கிழமை பால் காய்ச்சிடுங்க.”

போன் அணைந்தது.

பூங்கோதை அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “நாம எங்கயும் போகலைன்னு சொல்லும்மா! நாமதான் இங்க குடியிருக்கோம்னு சொல்லும்மா!”

தட்சிணாமூர்த்தியின் சிரிப்பு பாதியில் நின்றது.

“யாருகிட்டடி சொல்றது?” என்றாள் பவுனு. “நாமதான் இங்க இல்லவே இல்லையே.”

அவர் அம்மாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். போனைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.